போர்க்களம் கண்ட தளபதியின் நலப்பணி: ஒமர் பிராட்லியும் அமெரிக்க முன்னாள் படைவீரர் நிர்வாகமும்

போரில் வென்ற நாடுகள் வெற்றி விழாக் கொண்டாடுவது எளிது. அவ்வெற்றிக்காகக் கால் இழந்தவனும், கண் இழந்தவனும், படிப்பைப் பாதியில் விட்டுச் சென்றவனும், செய்துவந்த தொழிலைத் துறந்தவனும் ஊர் திரும்பி நிற்கும்போது, அவர்களுக்கு என்ன செய்வது என்னும் கேள்விக்கு விடை காண்பதே அரிது. போரில் மாண்டவர்க்கு நடுகல் நட்டதோடு நில்லாது, அவர்தம் குடும்பத்தாருக்கு உதிரப்பட்டி என்னும் பெயரால் நிலம் வழங்கிய வழக்கத்தை நம் தமிழ்க் கல்வெட்டுகள் கூறுகின்றன. பழைய அரசுகள் சிலருக்குச் செய்த அக்கடமையைக் கோடிக்கணக்கானவர்க்குச் செய்ய வேண்டிய நிலை இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளுக்கு ஏற்பட்டது. அவற்றுள் அமெரிக்க ஐக்கிய நாடு எடுத்த முயற்சி மிகப் பெரியது. அதனை நடத்தும் பொறுப்பு, ஐரோப்பியக் களத்தில் பதின்மூன்று இலட்சம் வீரர்களை வழிநடத்திய ஒமர் நெல்சன் பிராட்லி என்னும் தளபதியின் தோள்மேல் 1945-ஆம் ஆண்டு ஏற்றப்பட்டது.

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மலரில் ஓர் அமெரிக்கத் தளபதியின் வரலாறு எதற்கு என்று இளைஞர்கள் வினவலாம். கல்வி உதவி, மருத்துவ உதவி, வீட்டுக் கடன், வேலைவாய்ப்பு ஆகியவற்றை ஓர் அரசு சட்டத்தால் வழங்கும்போது, அவை உரியவர் கையில் சேர்வது எப்படி, சேராமற் போவது எப்படி என்னும் இரண்டினையும் இவ்வரலாறு ஒருங்கே காட்டுகிறது. அந்த அறிவு நமக்கு மிகவும் வேண்டுவது.

இளமையும் கல்வியும்

பிராட்லி 1893-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள் மிசௌரி மாநிலத்தில் கிளார்க் என்னும் சிற்றூரை அடுத்த பகுதியில் பிறந்தார். தந்தையார் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர். தாமே முயன்று கற்று ஆசிரியரானவர். நூல்களின்மேல் பற்றினை மகனுக்கு ஊட்டியவர் அவரே. 1908-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மகனுக்குப் பதினைந்து வயது நிரம்பும் தறுவாயில், அவர் காலமானார். தாயார் துணி தைத்துக் கொடுத்தும், வீட்டில் பிறரைத் தங்கவைத்து உணவளித்தும் குடும்பத்தைக் காத்தார்.

பள்ளிப் படிப்பை முடித்த பிராட்லி, மோபெர்லி நகரில் வாபாஷ் இரயில்வேயின் கொதிகலன் பட்டறையில் மணிக்கு 17 சென்ட் கூலிக்கு வேலை செய்தார். பணம் சேர்த்துச் சட்டம் பயில வேண்டும் என்பது அவரது எண்ணம். அந்நாளில் அவர் சென்றுவந்த ஞாயிறு பள்ளியின் மேற்பார்வையாளர், வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரிக்கு முயலுமாறு கூறினார். அங்குக் கட்டணம் இல்லை என்பதையே பிராட்லி அப்போதுதான் அறிந்தார். நுழைவுத் தேர்வுக்கு அவர் இரண்டாம் வேட்பாளராகவே பரிந்துரைக்கப்பட்டார். முதல் வேட்பாளர் தேறாமையால் இடம் இவருக்குக் கிடைத்தது.

ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவன் உயர்கல்வி பெறுவதற்குக் கட்டணமில்லாக் கல்லூரியும், அத்தகைய கல்லூரி இருக்கிறது என்று எடுத்துச் சொல்ல ஒருவரும் வேண்டும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

1911-இல் சேர்ந்து 1915-இல் பட்டம் பெற்ற அவ்வகுப்பில் 164 பேர் இருந்தனர். பிராட்லி 44-ஆம் இடத்தைப் பெற்றார். பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஐசனோவர் அவருடைய வகுப்புத் தோழர். அவ்வகுப்பினருள் 59 பேர் பிற்காலத்தில் தளபதி நிலையை எய்தினர்.

படைவாழ்க்கை

முதல் உலகப் போரில் பிராட்லிக்குக் களம் காணும் வாய்ப்புக் கிட்டவில்லை. மொன்டானா மாநிலத்தின் செப்புச் சுரங்கங்களைக் காக்கும் பணியே அவருக்குக் கிடைத்தது. போருக்குப்பின் வெஸ்ட் பாயின்ட்டில் நான்காண்டுகள் கணிதம் கற்பித்தார். பின்னர் ஜார்ஜியா மாநிலத்துப் பென்னிங் கோட்டையின் காலாட்படைப் பள்ளியில் பணியாற்றினார். அங்குத்தான் ஜார்ஜ் மார்ஷல் அவருடைய திறமையைக் கண்டறிந்தார். ஆசிரியர் பணியில் கழிந்த அவ்வாண்டுகள் வீண்போகவில்லை. சிக்கலான செய்தியைப் பகுத்து எளிதாக விளக்கும் ஆற்றலை அவர் அங்கே பெற்றார்.

1941-இல் அப்பள்ளிக்கே தலைவரானார். 1943-இல் வட ஆப்பிரிக்காவிலும் சிசிலியிலும் இரண்டாம் படைப்பிரிவை நடத்தினார். 1944-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய அமெரிக்கத் தரைப்படைக்கு அவரே தலைவர். அவ்வாண்டு ஆகஸ்டு முதல் பன்னிரண்டாம் படைத்தொகுதி அவர் கீழ் இயங்கியது. ஓர் அமெரிக்கத் தளபதியின் கீழ்க் களத்தில் நின்ற படைகளுள் அதுவே மிகப் பெரியது. 1944 டிசம்பரில் ஆர்டென்னஸ் காட்டுப் பகுதியில் செருமானியர் தொடுத்த பெருந்தாக்குதலை அவர் எதிர்பார்க்கவில்லை என்னும் குறையும் வரலாற்றில் உண்டு. ஆரவாரமின்றிப் பேசும் இயல்பும், வீரர் உயிரை வீணாக்கலாகாது என்னும் கவலையும் அவருக்கு 'படைவீரர்களின் தளபதி' என்னும் பெயரைத் தேடித் தந்தன.

அப்படையைப் பற்றி ஒரு செய்தியை நாம் மறத்தலாகாது. 1944 ஆகஸ்டு 25 முதல் நவம்பர் 16 வரை, 'ரெட் பால்' என்னும் பெயரால் நடந்த லாரிப் போக்குவரத்தே முன்னேறிய அமெரிக்கப் படைகளுக்குப் பெட்ரோலும் உணவும் வெடிமருந்தும் கொண்டு சேர்த்தது. உச்ச நிலையில் ஏறத்தாழ 6,000 வண்டிகள் நாளொன்றுக்கு 12,500 டன் பொருள்களைச் சுமந்தன. அவ்வண்டிகளை ஓட்டியவருள் நான்கில் மூன்று பங்கினர் கறுப்பின வீரர்கள். அன்றைய அமெரிக்க இராணுவம் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தது. கறுப்பினத்தவர் தனிப் படைப்பிரிவுகளில் வைக்கப்பட்டனர். பெரும்பாலும் சுமைப்பணியும் சாலைப்பணியுமே அவர்களுக்குத் தரப்பட்டன. 1945-இன் தொடக்கத்தில் காலாட்படைக்கு ஆள் போதாமற் போனபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின வீரர்கள் தாமே முன்வந்து, வெள்ளையர் படைக்குழுக்களோடு இணைந்து நின்று போரிட்டனர். தேவை ஏற்பட்டபோது தடை தானே தளர்ந்தது.

நல நிர்வாகத்தின் முன்வரலாறு

பிராட்லி ஏற்ற நிர்வாகத்திற்குப் பழைய கறைகள் பல இருந்தன. முதல் உலகப் போருக்குப்பின் 1921-இல் படைவீரர் நலனுக்கென ஒரு பணியகம் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் சார்லஸ் ஃபோர்பஸ் என்பவர். அவரும் போரில் அலுவலராகப் பணியாற்றிப் பாராட்டுப் பெற்றவரே. மருத்துவமனை ஒப்பந்தங்களிலும் பண்டங்களின் விற்பனையிலும் ஊழல் செய்து 1923-இல் பதவி விலகினார். வழக்கில் குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்றுச் சிறை சென்றார். படைப்பணியின் பெருமை மட்டுமே ஒருவரை நல்ல நிர்வாகி ஆக்கிவிடாது என்பதற்கு அவர் வரலாறு சான்று. அவருக்குப்பின் வந்த பிராங்க் ஹைன்ஸ் என்னும் தளபதி நேர்மையானவர். இருபத்திரண்டு ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். ஓய்வூதியப் பணியகம், ஊனமுற்ற வீரர் இல்லம் ஆகியவற்றையும் படைவீரர் பணியகத்தோடு இணைத்து 1930-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் 'முன்னாள் படைவீரர் நிர்வாகம்' அமைக்கப்பட்டது.

இரண்டே ஆண்டுகளில் ஒரு துயர நிகழ்ச்சி நேர்ந்தது. முதல் உலகப் போர் வீரர்களுக்கு 1924-இல் அறிவிக்கப்பட்ட ஊக்கத்தொகை 1945-இல்தான் கைக்குக் கிடைக்கும் என்பது விதி. பொருளாதார வீழ்ச்சியில் பட்டினியால் வாடிய முன்னாள் வீரர்கள் 1932-இல் ஆயிரக்கணக்கில் தலைநகர் வாஷிங்டனில் திரண்டு, அத்தொகையை உடனே தருமாறு கேட்டனர். ஜூலை 28-ஆம் நாள் தளபதி மெக்கார்தரின் தலைமையில் இராணுவம் அவர்களை விரட்டியது; அவர்கள் தங்கியிருந்த குடிசைகள் தீக்கிரையாயின. தனக்காகப் போரிட்டவர்மீதே தன் படையை ஏவிய அந்த அவமானத்தை அந்நாடு நெடுங்காலம் மறக்கவில்லை.

1944-ஆம் ஆண்டுச் சட்டம்

அந்நிலை மீண்டும் வரலாகாது என்னும் அச்சமும் நன்றியுணர்ச்சியும் சேர்ந்து ஒரு சட்டத்தைப் பிறப்பித்தன. 1944-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட அச்சட்டம் மக்கள் வழக்கில் 'ஜி.ஐ. சட்டம்' எனப் பெயர் பெற்றது. கல்லூரியிலோ தொழிற்பள்ளியிலோ பயிலும் முன்னாள் வீரருக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை கட்டணமும் நூற்செலவும் அரசே தரும். வாழ்க்கைச் செலவுக்குத் தனியருக்குத் திங்களுக்கு 50 டாலர், குடும்பத்தார்க்கு 75 டாலர் வழங்கும். வேலையில்லாதவர்க்கு வாரம் 20 டாலர் வீதம் 52 வாரங்கள் வரை உதவி உண்டு. வீடு, பண்ணை, வணிகம் ஆகியவற்றுக்கு வங்கி தரும் கடனுக்கு அரசு பிணை நிற்கும்.

சட்டத்தை இயற்றியாயிற்று. ஆனால், அதனை நடத்த வேண்டிய நிர்வாகம் ஆயத்தமாக இல்லை. படைவீரர் மருத்துவமனைகளின் இழிநிலையை 1945-இன் தொடக்கத்தில் செய்தித்தாள்களும் திங்களிதழ்களும் அம்பலப்படுத்தின. அப்போது படையிலிருந்தோர் ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் பேர். இரண்டாண்டுக்குள் அவர்களுள் பெரும்பாலோர் வீடு திரும்ப இருந்தனர்.

பொறுப்பேற்றலும் சீர்திருத்தமும்

குடியரசுத் தலைவர் ட்ரூமன், தாமும் மிசௌரி மாநிலத்தவர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படைக் கேப்டனாக இருந்தவர். அவர் பிராட்லியை அழைத்தார். பிராட்லியோ பசிபிக் களத்திற்குச் செல்லவே விரும்பினார். அலுவலக நாற்காலியை அவர் நாடவில்லை. ஆயினும் பணியாணையை மறுக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. 1945 ஆகஸ்டு 15-ஆம் நாள் தம் ஐம்பத்திரண்டாம் வயதில் பொறுப்பேற்றார்.

அவர் செய்த முதற்பணி அதிகாரத்தைப் பரவலாக்கியது. அதுவரை ஒவ்வொரு கோப்பும் வாஷிங்டன் சென்றே மீள வேண்டும். நாட்டைப் பதின்மூன்று மண்டலங்களாகப் பிரித்து, முடிவெடுக்கும் உரிமையை மண்டல அலுவலகங்களுக்குத் தந்தார். களத்தில் நிற்பவனே நிலைமையை அறிவான் என்னும் படைப் பாடம் இங்கே கோப்புக்குப் பயன்பட்டது. பணியாளர் எண்ணிக்கையும் இரண்டு மடங்குக்குமேல் பெருகியது. புதியவர்களுள் மிகப் பலர் முன்னாள் படைவீரர்களே.

இரண்டாம் பணி மருத்துவத்தைச் சீர்செய்தது. ஐரோப்பியக் களத்தின் தலைமை மருத்துவராயிருந்த பால் ஹாலியை மருத்துவத் துறைக்குத் தலைவராக்கினார். சிகாகோ நகரின் எலும்பு மருத்துவர் பால் மாக்னசன் அவருக்குத் துணைநின்றார். நல்ல மருத்துவர்கள் அந்நாளில் படைவீரர் மருத்துவமனைகளுக்கு வரத் தயங்கினர். ஊதியம் குறைவு, நியமன விதிகள் சுணக்கமானவை, அரசியலார் தத்தம் தொகுதிக்குக் கேட்டு வாங்கியமையால் மருத்துவமனைகள் பல நகரத்துக்கு எட்டாத் தொலைவில் இருந்தன. 1946 ஜனவரி 3-ஆம் நாள் கையெழுத்தான சட்டம், பொது ஆட்சிப்பணி விதிகளுக்கு வெளியே தக்க ஊதியத்தில் மருத்துவரையும் செவிலியரையும் நியமிக்க வழிசெய்தது. அத்திங்கள் 30-ஆம் நாளில் வெளியான கொள்கைக் குறிப்பு, படைவீரர் மருத்துவமனைகளை மருத்துவக் கல்லூரிகளோடு இணைத்தது. பேராசிரியர்கள் சிகிச்சையை மேற்பார்வையிட்டனர். இளம் மருத்துவர்கள் அங்கேயே மேற்பயிற்சி பெற்றனர். கைவிடப்பட்டோர் கிடந்த இடம் கல்வி நிலையமாக மாறியது. அவ்விணைப்பு முறை அமெரிக்காவில் இன்றளவும் நிலைத்துள்ளது.

புதிய மருத்துவமனைகள் மருத்துவக் கல்லூரி உள்ள நகரங்களையொட்டியே அமைய வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். இதனால் காங்கிரஸ் உறுப்பினர் பலரின் கோபத்துக்கு ஆளானார். அமெரிக்கன் லீஜியன் என்னும் முன்னாள் வீரர் சங்கத்தின் தலைவர் ஜான் ஸ்டெல், 1946 பிப்ரவரியில் பிராட்லியை வெளிப்படையாகத் தாக்கி, அவரை மாற்ற வேண்டும் என்றார். பிராட்லி அஞ்சவில்லை, தம் செயலுக்கான காரணங்களைப் பொதுமக்கள் முன் எடுத்துரைத்தார், பதவியிலும் நிலைத்தார்.

மூன்றாம் பணி சலுகையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுத்தது. தொழிற்பயிற்சி என்னும் பெயரால், பயிற்சியே தராத முதலாளிகள் அரசுப் பணத்தைக் கொண்டு தம் கூலிச் செலவைக் குறைத்துக்கொண்டனர். பயிற்சியாளர் பெறும் கூலியும் உதவித்தொகையும் சேர்ந்த மொத்தத்திற்கு 1946-இல் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. வீரர் சங்கங்கள் எதிர்த்தன. வீரர்களின் அன்புக்குரிய தளபதியாகிய அவர், அவர்தம் கோபத்தையும் ஏற்றுக்கொண்டார்.

பயன் பெரிதாயிற்று. 1947-இல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னாள் வீரர்கள். அச்சட்டத்தின் கல்விப் பகுதி 1956-இல் முடிவுற்றபோது 78 இலட்சம் பேர் அதனால் பயன் பெற்றிருந்தனர். அவர்களுள் 22 இலட்சம் பேர் கல்லூரிகளிலும், 35 இலட்சம் பேர் பிற பள்ளிகளிலும் பயின்றனர். ஏனையோர் வேலையிடத்திலும் பண்ணையிலும் பயிற்சி பெற்றனர். 1952 வரை ஏறத்தாழ 24 இலட்சம் வீட்டுக் கடன்களுக்கு அரசு பிணை நின்றது. உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பொறியாளராகவும் ஆசிரியராகவும் மருத்துவராகவும் உயர்ந்தனர். பள்ளி ஆசிரியரின் மகனாய்ப் பிறந்து, கட்டணமில்லாக் கல்லூரியால் உயர்ந்த பிராட்லி, தமக்குக் கிடைத்த அந்த நற்பேறு இலட்சக்கணக்கானவர்க்குக் கிடைக்கத் துணைபுரிந்தார்.

சட்டத்தின் மறுபக்கம்

இதுவரை கூறியது வரலாற்றின் ஒரு பாதி. மறுபாதியையும் நாம் கூர்ந்து நோக்க வேண்டும்.

ஜி.ஐ. சட்டத்தில் நிறவேறுபாடு பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் படையில் பணியாற்றினர். சட்டத்தின்படி அவர்களுக்கும் வெள்ளையர்க்கும் உரிமை ஒன்றே. ஆனால், அச்சட்டம் உருவானபோது காங்கிரஸ் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மிசிசிப்பி மாநிலத்து ஜான் ராங்கின். நிறவேற்றுமையைக் கடுமையாக ஆதரித்தவர். சட்டத்தைச் செயற்படுத்தும் பொறுப்பு உள்ளூரிடமே இருத்தல் வேண்டும் என்று அவரும் அவரையொத்த தென்மாநிலத்தாரும் வற்புறுத்தி வென்றனர். பணம் வாஷிங்டனிலிருந்து வரும். அதற்குரிய கதவைத் திறப்பவன் உள்ளூர் வங்கியாளன், உள்ளூர் வேலைவாய்ப்பு அலுவலன், உள்ளூர்க் கல்லூரித் தலைவன். 'உள்ளூர் வழக்கம்' என்னும் சொல்லுக்குள் எதனை மறைக்கலாம் என்பதை நமக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

விளைவுகளைக் காண்போம். மிசிசிப்பியின் பதின்மூன்று நகரங்களில் 1947-இல் 'எபனி' என்னும் கறுப்பின மக்களின் இதழ் ஒரு கணக்கெடுத்தது. அரசின் பிணையோடு வழங்கப்பட்ட வீட்டு, பண்ணை, வணிகக் கடன்கள் 3,229. அவற்றுள் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. வங்கி கடன் தர மறுத்தால் அரசின் பிணையால் பயனில்லை. அதே மாநிலத்தில் 1946 அக்டோபர் வரை வேலைவாய்ப்பு நிலையங்கள் நிரப்பிய பணிகளுள், திறன் வேண்டும் பணிகளில் 86 விழுக்காடு வெள்ளையர்க்கும், திறன் வேண்டாப் பணிகளில் 92 விழுக்காடு கறுப்பினத்தவர்க்கும் சென்றன. படையில் வண்டி ஓட்டவும் எந்திரம் பழுதுபார்க்கவும் கற்றவன், ஊர் திரும்பியதும் மீண்டும் மண்வெட்டியைப் பிடிக்க நேர்ந்தது. தென்மாநிலங்களின் வெள்ளையர் கல்லூரிகள் அவனைச் சேர்க்கவில்லை. கறுப்பின மக்களுக்கென இருந்த கல்லூரிகளோ சிறியவை. இடமின்றி ஆயிரக்கணக்கானோரைத் திருப்பி அனுப்பின.

மருத்துவமனைகளிலும் அந்நிலையே. 1923-இல் அலபாமாவின் டஸ்கிகீ நகரில் கறுப்பின வீரர்களுக்கெனத் தனி மருத்துவமனை திறக்கப்பட்டது. அதனைத் தம் மக்களே நடத்த வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது, முகமூடியணிந்த கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தார் அச்சுறுத்த அணிவகுத்து வந்தனர். அச்சுறுத்தல் பலிக்கவில்லை, 1924-இல் கறுப்பின மருத்துவரே அதற்குத் தலைவரானார். எனினும் தென்மாநிலப் படைவீரர் மருத்துவமனைகளில் தனி வார்டு முறை பிராட்லி காலத்திலும் தொடர்ந்தது; 1950-களின் நடுவில்தான் ஒழிந்தது.

சீருடைக்கும் மதிப்பில்லை. 1946 பிப்ரவரி 12-ஆம் நாள், படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சில மணி நேரத்தில், ஐசக் வுடார்டு என்னும் கறுப்பினச் சார்ஜென்ட் சீருடையுடன் பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். தென் கரோலினாவில் ஒரு காவல் தலைவன் அவரை அடித்து இரு கண்களையும் குருடாக்கினான். வெள்ளையர் மட்டுமே அடங்கிய நடுவர் குழு அவனைக் குற்றமற்றவன் என விடுவித்தது. இச்செய்தி குடியரசுத் தலைவர் ட்ரூமனின் உள்ளத்தைத் தைத்தது. 1948 ஜூலை 26-ஆம் நாள், படைகளில் நிறம், இனம், சமயம் ஆகியவற்றால் வேறுபாடு இன்றிச் சமவாய்ப்பு வழங்குமாறு 9981-ஆம் எண் ஆணையை அவர் பிறப்பித்தார்.

அப்போது பிராட்லி நல நிர்வாகத்தை விட்டு இராணுவத் தலைமைத் தளபதியாகி இருந்தார். ஆணை வெளியான மறுநாள், கென்டக்கியின் நாக்ஸ் கோட்டையில் பேசும்போது, சமுதாயச் சீர்திருத்தம் செய்வது இராணுவத்தின் வேலையன்று, நாடு முழுதும் மாறும்போது இராணுவமும் மாறும் என்னும் கருத்துப்படக் கூறினார். செய்தியாளர் அங்கிருந்ததை அவர் அறியவில்லை. பேச்சு நாடெங்கும் பரவியது. இரண்டு நாளில் ட்ரூமன், தம் ஆணையின் நோக்கம் பிரிவினையை ஒழிப்பதே என்று செய்தியாளரிடம் தெளிவுபடுத்தினார். பிராட்லி குடியரசுத் தலைவருக்கு வருத்தம் தெரிவித்து எழுதினார். ஆயினும் இராணுவம் காலம் தாழ்த்தியது. கொரியப் போரின் தேவையே அதனை விரைவுபடுத்தியது. கறுப்பினத் தனிப் படைப்பிரிவுகள் 1954-இல் முற்றிலும் மறைந்தன.

பிராட்லி வெறுப்பை வளர்த்த மனிதர் அல்லர். ஆனால், தம் படைக்கு உணவும் எரிபொருளும் கொண்டுவந்தவர் யார் என்பதை அவர் அறிவார். போர்க்காலத்து அலுவலர் பயிற்சிப் பள்ளிகளில் இரு நிறத்தவரும் ஒன்றாகப் பயின்றதும் அவர் அறியாததன்று. அறிந்தும், 'நாடு மாறட்டும், பிறகு பார்ப்போம்' என்றார். மருத்துவமனை எங்கே அமைவது என்னும் வழக்கில் உள்ளூர்ச் செல்வாக்கை எதிர்த்து நின்ற அதே நிர்வாகி, நிறம் பற்றிய வழக்கில் உள்ளூர் வழக்கத்தோடு ஒத்துப்போனார். திறமையும் நேர்மையும் உள்ள ஒருவரிடத்திலும் இக்குறை நேரலாம் என்பதே நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

கதவைத் தட்டித் திறந்தவர்கள்

இத்துணைத் தடைகளுக்கிடையிலும் அச்சட்டத்தைப் பற்றிக்கொண்டு மேலேறிய கறுப்பின வீரர் பலர். மெட்கர் எவர்ஸ் அவர்களுள் ஒருவர். மிசிசிப்பியில் பிறந்து, நார்மண்டிக் களத்தில் பணியாற்றி, 1946-இல் சொந்த ஊரில் வாக்களிக்கச் சென்றபோது ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டத்தால் திருப்பி அனுப்பப்பட்டார். அவர் சோர்ந்து விடவில்லை. ஜி.ஐ. சட்ட உதவியோடு ஆல்கார்ன் கல்லூரியில் பயின்று 1952-இல் பட்டம் பெற்றார். மிசிசிப்பிப் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி 1954-இல் அவரைச் சேர்க்க மறுத்தது. கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் களச் செயலாளராகி, சிற்றூர்தோறும் சென்று வாக்குரிமைக்காக உழைத்தார். 1963 ஜூன் 12-ஆம் நாள் தம் வீட்டு வாயிலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளிக்குத் தண்டனை கிடைக்க 1994-ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

சில ஆண்டுகளே கிடைத்த கல்வி உதவி ஒரு தலைவரை உருவாக்கியது. உதவி மறுக்கப்பட்டவருள் எத்தனை எவர்ஸ்கள் உருவாகாமலே போயினர் என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை.

பிற்காலம்

பிராட்லி 1947 நவம்பர் இறுதியில் நல நிர்வாகத்தை விட்டார். 1948 பிப்ரவரியில் இராணுவத் தலைமைத் தளபதியாகவும், 1949 ஆகஸ்டில் முப்படைத் தலைவர் குழுவின் முதல் தலைவராகவும் ஆனார். 1950 செப்டம்பரில் ஐந்து விண்மீன் தளபதி என்னும் மிக உயர்ந்த நிலையை எய்தினார். 1981 ஏப்ரல் 8-ஆம் நாள் தம் எண்பத்தெட்டாம் வயதில் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். மெட்கர் எவர்ஸ் துயில்வதும் அதே கல்லறையிலேதான்.

அவர் நடத்திய நிர்வாகம் 1989-இல் அமைச்சரவைத் துறையாக உயர்ந்தது. 1993-இல் ஜெசி பிரவுன் என்னும் கறுப்பின முன்னாள் வீரர் அத்துறையின் அமைச்சரானார். வியட்நாம் போரில் காயமுற்று வலக்கை செயலிழந்தவர் அவர். அவருக்குப்பின் 1998-இல் அப்பொறுப்புக்கு வந்த டோகோ வெஸ்ட்டும் இராணுவச் சட்ட அலுவலராக இருந்த கறுப்பினத்தவரே.

நாம் கொள்ள வேண்டியவை

இளைஞர்களே! ஜி.ஐ. சட்டம் பிறந்த அதே 1944-ஆம் ஆண்டில்தான், அண்ணல் அம்பேத்கரின் முயற்சியால், தாழ்த்தப்பட்ட மாணவர் மேற்படிப்புக்கான இந்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. அண்ணலும் ஒரு படைவீரரின் மகன். சுபேதாராக இருந்த தந்தையின் வீட்டில் கல்வியின் அருமையைக் கற்றவர். உதவித்தொகை பெற்று அமெரிக்கக் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றவர். இரு நாடுகளிலும் ஏழைப் பிள்ளையை உயர்த்தியது பொதுப்பணம் தந்த கல்வியே.

இவ்வரலாறு நமக்கு மூன்று செய்திகளை உணர்த்துகிறது. ஒன்று, சட்டம் தந்த உரிமை தானே நடந்து வீட்டுக்கு வராது. விதியைப் படித்து, விண்ணப்பத்தைக் குறையின்றி நிரப்பி, மறுத்தால் மறுத்த காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுவார்க்கே அது கிட்டும். இளம் பிராட்லிக்கு ஒருவர் வழி சொன்னதுபோல், அறிந்தவர் அறியாதவர்க்குச் சொல்ல வேண்டும். நம் கழகம் போன்ற அமைப்புகளின் முதற்கடமை இதுவே. இரண்டு, கணக்கெடுத்தல் வேண்டும். 3,229-இல் இரண்டு என்னும் ஒரு கணக்கு, ஆயிரம் முறையீடுகள் செய்யாததைச் செய்தது. அதனை எடுத்தது அரசன்று, அம்மக்களின் இதழ். நம் வட்டத்தில் எத்தனை பேருக்கு உதவித்தொகை வந்தது, எத்தனை பேருக்குக் கடன் மறுக்கப்பட்டது என்று நாமே எண்ணி எழுதிவைத்தல் வேண்டும்.

மூன்றாவது செய்தி, நாளை அலுவலராகப் போகும் பிள்ளைகளுக்கு. நம் மாவட்டத் தலைநகரங்களிலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் உள்ளன. படைப்பணி முடித்த அலுவலர்கள் அவற்றில் பொறுப்பு வகிப்பதைக் காண்கிறோம். உங்களுள் சிலர் அத்தகைய நாற்காலியிலும், அதனினும் உயர்ந்த நாற்காலிகளிலும் அமர்வீர்கள். அப்போது பிராட்லியிடம் கோப்பைத் தேங்கவிடாத விரைவையும், செல்வாக்குக்கு அஞ்சாத உறுதியையும், வேண்டாத சலுகையை வெட்டும் துணிவையும் கற்றுக்கொள்ளுங்கள். 'ஊர் மாறட்டும், பிறகு பார்ப்போம்' என்னும் சொல்லை மட்டும் அவரிடமிருந்து பெற்றுக்கொள்ளாதீர்கள். அந்தச் சொல்லால் வாயிலில் காத்து நின்றவர்களின் வழிவந்தவர்கள் நாம். வாயிலின் உட்புறம் நாம் அமரும் நாளில், வெளியே நிற்பவர் எவராயினும் அவர்க்கு அக்கதவு உடனே திறக்கட்டும்.